காளிக்கு நட்ட கல்: தென்னிந்திய நடுகல் மரபில் வளர்ப்புயிர்களின் நினைவு

தக்கோலப் போரைப் பற்றி எழுதப் புகுபவர் எவரும் ஒரு கல்லைத் தொடாமல் மேலே போக முடியாது. முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் யானை மேல் இருந்தபடியே உயிர்விட்ட போர் அது. பின்வந்த சோழர் சாசனங்கள் அவனை யானைமேல் துஞ்சியவன் என்றே குறிக்கின்றன. 949ஆம் ஆண்டளவில், அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனும் அவன் மைத்துனன் கங்க மன்னன் இரண்டாம் பூதுகனும் சோழப் படையை முறித்தார்கள். வென்றவர் தரப்பிலிருந்து அதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு, இன்றைய மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்தது. சக ஆண்டு 872 என்று காலம் குறித்தது. இப்போது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நீலகண்ட சாஸ்திரி தொடங்கிச் சோழர் வரலாறு எழுதிய அனைவரும் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

அந்தக் கல்லை நட்டதற்குக் காரணம் ஒரு நாயின் சாவு. நாயின் பெயர் காளி.

வரலாற்று நூல்களில் காளி அடிக்குறிப்புக்குப் போய்விட்டது. போருக்குச் சான்று தேடியவர்கள் தமக்கு வேண்டிய வரிகளை எடுத்துக்கொண்டார்கள். அது ஆய்வின் இயல்பு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் கல்லை நட்டவன் எதற்காக நட்டானோ அந்தப் பக்கத்திலிருந்து அதை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நீண்ட நாளாக உண்டு. எங்கள் வீட்டு நாய் பதின்மூன்று ஆண்டு எங்களோடு இருந்து இறந்தபோது, கொல்லையில் குழி வெட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்துப் புதைத்துவிட்டு என் அம்மா அன்று உலை வைக்கவில்லை. துக்கம் கேட்க வந்த உறவினர் ஒருவர், “நாய்க்குப் போய் இவ்வளவா?” என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்ன சொல் இல்லை. அந்த ‘நாய்க்குப் போய்’ என்ற தொடர் மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. நம் மண்ணில் நாய்க்கும் சேவலுக்கும் எப்போதிருந்து, எந்த முறையில், என்ன மரியாதை நடந்தது என்று தேடத் தொடங்கியது அதன்பிறகுதான். இக்கட்டுரை அத்தேடலின் ஒரு பகுதி.

புதைப்பதும் பெயர் நிறுத்துவதும்

இறந்த விலங்கை மனிதர் அக்கறையோடு புதைத்ததற்கான சான்று மிகப் பழையது. செருமனியின் பான் நகரத்தை அடுத்த ஓபர்காசெலில் 1914இல் கிடைத்த புதைகுழியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரு நாய்க்குட்டியும் இருந்தார்கள். ஏறத்தாழ 14,000 ஆண்டுப் பழைமை. பற்களை ஆராய்ந்தவர்கள், அந்தக் குட்டி கடுமையான நோயில் பல வாரம் கிடந்து பிழைத்திருந்தது என்றும், யாரோ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளாமல் அது நடந்திருக்காது என்றும் கருதுகிறார்கள். நம் நாட்டில் காசுமீரத்துப் பூர்சஹோமில் புதிய கற்கால மக்கள் தம் இறந்தோருடன் நாய்களையும் புதைத்திருக்கிறார்கள். எகிப்தின் கீசாவில் 1935இல் ஜார்ஜ் ரைஸ்னர் கண்டெடுத்த ஒரு கல், அபூதியு என்ற காவல் நாய்க்கு அரசன் பேழையும் மெல்லிய துணியும் நறும்புகையும் கொடுத்து, கொத்தர்களைக் கொண்டு கல்லறையும் கட்டித் தந்ததைப் பதிந்து வைத்திருக்கிறது. நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய செய்தி இது.

இவற்றைவிடத் தமிழருக்கு நெருக்கமானது செங்கடல் கரையில் உள்ள பெரெனிகெ. தமிழ் பிராமியில் ‘கொற்பூமான்’ எனப் பெயர் பொறித்த பானையோடு கிடைத்த துறைமுகம் அது. ஐராவதம் மகாதேவன் வாசித்தது. அங்கேயுள்ள கோயில் ஒன்றில் இந்தியச் சேமக்கலத்துக்குள் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. அந்த ஊரின் புறத்தே, கி.பி. 1, 2ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த விலங்குக் கல்லறை ஒன்றைப் போலந்து நாட்டுத் தொல்விலங்கியலாளர் மார்த்தா ஒசிபின்ஸ்கா தலைமையிலான குழு அகழ்ந்தது. 2021இல் வெளிவந்த ஆய்வில் 585 விலங்குகள் கணக்காயின. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பூனைகள். மற்றவை பெரும்பாலும் நாய்களும் குரங்குகளும். எகிப்தியக் கோயில்களில் நேர்த்திக்காகக் கொன்று பதப்படுத்திய விலங்குகளைப் போன்றவை இல்லை இவை. சிலவற்றின் கழுத்தில் பட்டையும் மணியும் இருந்தன. பல் விழுந்த கிழ நாய்களும் இருந்தன. எலும்பில் புற்று வைத்த பெரிய நாய் ஒன்றை ஓலைப்பாயில் சுற்றிப் படுக்க வைத்திருந்தார்கள். பல் போன நாய் பாலைவனத்தில் தானாக இரை தேடியிருக்காது. யாரோ மெல்லவேண்டாத உணவாகப் பார்த்து ஊட்டியிருக்க வேண்டும். குரங்குகளில் இந்தியாவிலிருந்து மிளகோடு மிளகாகக் கடல் கடந்து போனவை உண்டு. இங்கிருந்து கப்பலேறிய ஒரு குரங்கு முன்பின் தெரியாத கரையில் செத்தபோது, அதற்கும் அங்கே குழி வெட்ட ஓர் ஆள் இருந்திருக்கிறார்.

பெரெனிகெயில் அன்பு இருக்கிறது, பெயர் இல்லை. ஏறத்தாழ அறுநூறு விலங்குகளில் ஒன்றின் பெயரைச் சொல்லும் வாசகமும் அங்கே கிடைத்ததாகத் தெரியவில்லை. என் ஆய்வுக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. உடலை மரியாதையாக அடக்கம் செய்வது ஒன்று. அதன் பெயரைக் கல்லில் வெட்டி, ஊர் பார்க்க நிறுத்திப் படையல் இடுவது வேறொன்று. முதலாவது வீட்டாரின் துக்கத்தோடு முடிந்துவிடும். இரண்டாவதற்கு ஊரின் சம்மதம் வேண்டும். தென்னிந்தியாவில் நடந்தது இந்த இரண்டாவது.

ஊருக்காக ஆடிய சேவல்

நடுகல் மரபின் தொன்மைக்கு இன்று நம்மிடம் உள்ள பழைய சான்று தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ் பிராமிக் கற்கள். அவற்றில் ஒன்று ஆகோள் பூசலில் பட்டவனுக்கு நட்டது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று கல் எடுக்கும் சடங்கைத் தொல்காப்பியம் ஆறு படியாக வகுக்கிறது. கல்லைத் தேடிப் பார்ப்பதிலிருந்து, நீராட்டி, நட்டு, மயிற்பீலி சூட்டி, கள்ளும் படையலும் வைத்து வாழ்த்துவது வரை அது ஒரு முழுச் சடங்கு. ஆநிரை கவர்தல், மீட்டல் என்ற இரண்டு நிகழ்ச்சிகளைச் சுற்றி வளர்ந்த மரபு இது. அதாவது தொடக்கத்திலேயே மனிதன் செத்தது மாட்டுக்காக. விலங்குக்காக மனிதன் பெற்ற கல்லை ஒரு கட்டத்தில் மனிதனுக்காக விலங்கு பெறத் தொடங்கியது.

முதலில் பெற்றது சேவல். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு கல்லில் சண்டைக்கு நிமிர்ந்த சேவல் செதுக்கப்பட்டிருக்கிறது. முகையூர் மேற்சேரிக்காக ஆடி மடிந்த கோழி என்பது அதன் வாசகத்தின் கருத்து. இந்தளூரில் உள்ள இன்னொரு கல் கீழ்ச்சேரியின் கோழியைச் சொல்கிறது. அதில் வரும் பொற்கொற்றி என்பதைச் சேவலின் பெயராகவே பெரும்பாலோர் வாசிக்கிறார்கள். எழுத்தமைதியைக் கொண்டு 5, 6ஆம் நூற்றாண்டுகளில் வைக்கத்தக்கவை இவை. பழந்தமிழில் ‘கோழி’ என்ற சொல் சேவலையும் குறிக்கும் என்பதை இளைய வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

இந்தக் கற்களின் பெருமையை உணர, சேவற்கட்டு நடக்கும் களத்தைத் தெரிந்திருப்பது நல்லது. கரூர்ப் பக்கம் பூலாம்வலசில் பொங்கலையொட்டி நடக்கும் கட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: தோற்றுச் செத்த சேவல் ‘கோச்சை’. அது வென்றவனுக்குப் போகும். அன்று மாலையே குழம்பாகும். கோச்சைக் கறிக்கு அந்த வட்டாரத்தில் தனி மதிப்பே உண்டு. களத்தில் செத்த சேவலுக்கு உரிய இயல்பான முடிவு அடுப்புதான். அரசலாபுரத்துச் சேவல் அங்கிருந்து மீட்கப்பட்டது. யாரோ கல் தேடினார்கள், சிற்பியைப் பிடித்தார்கள், எழுதத் தெரிந்தவனிடம் வாசகம் வாங்கினார்கள்.

வளர்த்தவன் பெயர் இரண்டு கற்களிலும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மேற்சேரி, கீழ்ச்சேரி என்று சேரியின் பெயர்தான் இருக்கிறது. சேவலுக்குத் தீனி வைத்து, காலைக் கட்டி, காயத்துக்கு மஞ்சள் பற்றுப் போட்டவன் ஒருவன் நிச்சயம் இருந்திருப்பான். அவன் துக்கம் ஊரின் துக்கத்துக்குள் ஒடுங்கிவிட்டது. இதை இந்த மரபின் முதல் நிலையாகக் கொள்கிறேன்: விலங்கு ஊருக்குச் சொந்தம், புகழும் ஊருக்கே.

எடுத்தனூர்க் கோவிவன்

இரண்டாம் நிலைக்குத் திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போக வேண்டும். செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தொகுத்து வெளியிட்டது. தமிழ்க் கல்வெட்டியலில் ஒரு திருப்பம் என்று அதைச் சொல்லலாம். அரண்மனையும் கோயிலும் பேசிக்கொண்டிருந்த இடத்தில் மாட்டுப்பட்டிகள் பேசத் தொடங்கின. அவ்வட்டாரத்துக் கற்களில் எடுத்தனூர்க் கல்லும் ஒன்று.

முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. வாணகோ அரையர் என்ற பாணர் தலைவனின் உறவினருக்குக் கீழே பணிசெய்த கருந்தேவக்கத்தி என்பவன், தன் எருமைகளைக் காத்து நின்றபோது பட்டான். அவன் கல் இது. அதோடு வாசகம் முடியவில்லை. கோவிவன் என்னும் நாய் கள்ளரைக் கடித்துக் ‘காத்திருந்தவாறு’ என்று மேலும் ஒரு செய்தி வருகிறது. கல்லில் வீரனுக்கு அருகே நாயும் நிற்கிறது.

மைப்படியைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டு சொற்களில் என் கண் நிற்கும். ஒன்று ‘பட்டான்’. மற்றொன்று ‘காத்திருந்தவாறு’. பட்டான் என்பது நடுகற்களின் நிலையான சொல். செத்தான் என்பதை மரியாதையாகச் சொல்வது. அது கருந்தேவக்கத்திக்கு மட்டும் வருகிறது. நாய்க்கு வருவது காத்திருத்தல். காவல் காத்தது என்றும் பொருள். விட்டு நீங்காமல் இருந்தது என்றும் பொருள். கள்ளரைக் கடித்து விரட்டியபின் அது எதைக் காத்தது? எருமைகளையா, கிடந்தவன் உடலையா? வாசகம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. என் வாசிப்பு இது: கோவிவன் அன்று சாகவில்லை. ஆள் வந்து சேரும்வரை அது பிணத்தின் பக்கத்தில் இருந்திருக்கிறது. வந்தவர்கள் அதைக் கண்டார்கள். கண்டதைத்தான் ‘ஆறு’ என்ற சொல் சொல்கிறது. இருந்த விதம், இருந்த கோலம். யாரோ நேரில் பார்த்து மறக்க முடியாமல் போன ஒரு காட்சி அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

இந்த வாசிப்பைச் சிலர் ஏற்காமல் போகலாம். நாயும் பட்டது என்று கொள்வோரும் உண்டு. எப்படிக் கொண்டாலும், கல்வெட்டு நாயைப் பெயர் சொல்லி அழைக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன் ஒரு மாட்டுப்பட்டியில், எருமைக்காரன் ஒருவன் “கோவிவா” என்று கூப்பிட்டால் ஒரு நாய் ஓடி வந்திருக்கிறது என்பது இதனால்தான் நமக்குத் தெரிகிறது. அரசன் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘கோ’தான் அந்த நாயின் பெயருக்கும் முதலெழுத்து.

அதே மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனத்திலும் ஒரு நாய் வருகிறது. காஞ்சித் தெருவில் காபாலிகனின் மண்டையோட்டை, அதிலிருந்த இறைச்சிக்காகத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய் என்பதில்தான் அந்நாடகத்தின் சிக்கலே அவிழ்கிறது. தலைநகரின் மேடையில் நாய் களவாடியது. அதே அரசனின் ஆட்சியில் எல்லைப்புறத்து எருமைப்பட்டியில் கள்ளரைத் தடுத்துக் கல்லேறியது. நாயோடு காட்டில் இராத் தங்கியவர்களுக்கு அதைப் பற்றி வேறு தகவல் தெரிந்திருந்தது.

காளி

ஏறத்தாழ முந்நூறு ஆண்டு கழித்து ஆதகூர். மூன்றாம் நிலை இங்கேதான் முழுமையாகத் தெரிகிறது.

பூதுகனின் வீரர்களில் மணலேரன் என்பவன் ஒருவன். தக்கோலக் களத்தில் அவன் போரிட்ட விதத்தை மெச்சிய அவன் தலைவன், வேண்டியதைக் கேள் என்றான். அந்தக் காலத்தில் அப்படிச் சொன்னால் என்ன கேட்பார்கள் என்பது அதே கல்லிலேயே இருக்கிறது. இராசாதித்தனை வீழ்த்தியதற்காகப் பூதுகன் பெற்றது வனவாசி பன்னீராயிரம் உள்ளிட்ட நாடுகள். மணலேரன் நாடு கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. காளி என்ற வேட்டைநாயைக் கேட்டான்.

இந்த ஒரு செய்திக்காகவே ஆதகூர்க் கல்லை உலகத்து அரிய சான்றுகளில் வைப்பேன். நாயிடம் பயன் கண்டு வளர்த்தார்கள், பயன்பட்டதால் பாராட்டினார்கள் என்று ஆய்வாளர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பயன்தான் கணக்கு என்றால் ஒரு சிற்றூரின் வருவாயில் இருபது வேட்டைநாய் வாங்கலாம். வாழ்நாளில் ஒருமுறை வரும் அரச வரத்தை ஒருவன் ஒரு குறிப்பிட்ட நாய்க்காகச் செலவிட்டான் என்றால், அவன் அதை முன்பே பார்த்திருக்கிறான். அதன் ஓட்டம் தெரியும், குரல் தெரியும், மனம் அங்கே போய்விட்டது.

பிறகு ஒருநாள் கெளலெநாட்டுப் பெளத்தூருக்கு மேற்கே இருந்த குன்றில் ஒரு பெரும் பன்றியின் மேல் காளியை ஏவினார்கள். நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று விழுந்தன. மணலேரன் ஆதகூரில் சல்லேசுவரர் கோயிலுக்கு எதிரே கல் நட்டான். கல்லின் மேற்பகுதியில் நாயும் பன்றியும் பாய்ந்து பொருதும் காட்சி புடைப்பாக இருக்கிறது. மனித வீரனின் உருவம் அதில் இல்லை. எடுத்தனூரில் வீரனுக்குப் பக்கத்தில் இடம்பெற்ற நாய் இங்கே தனக்கென ஒரு கல்லைப் பெற்றுவிட்டது. தக்கோலப் போரும் இரு பேரரசுகளும் அந்த நாயின் கதைக்கு முன்கதையாக வந்து நிற்கின்றன.

கல்லோடு மணலேரன் நிறுத்தவில்லை. பூசைக்காக இரண்டு கண்டுக அளவு நிலம் விட்டான். அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் கொரவர், அதாவது சைவப் பூசகர், கல்லுக்குப் பூசை செய்யாமல் உணவு கொண்டால் பாவம் சேரும் என்று எழுதி வைத்தான். நிலத்துக்குக் கேடு செய்பவனுக்கும் பாவம் சொன்னான். சட்டமொழியில் உள்ள இந்த ஓம்படைக் கிளவியைப் பலர் வழக்கமான வாய்பாடு என்று தாண்டிப் போவார்கள். வாய்பாடுதான். ஆனால் அதில் உள்ள ஒரு நுட்பத்தைக் கண்டு நான் நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறேன். மாதம் ஒருமுறை, ஆண்டுக்கு ஒருமுறை என்று அவன் வைக்கவில்லை. பூசகரின் ஒவ்வொரு நாள் சோற்றோடும் கட்டிவிட்டான். பசிக்கும்போதெல்லாம் ஒருவர் காளியை நினைத்தாக வேண்டும். வளர்த்தவன் போன பிறகும், அந்த நாயைப் பார்த்தே இராத ஒருவர், சாப்பிடும் முன் அதற்குப் பூச்சாத்த வேண்டும். துக்கம் அடுத்த தலைமுறையில் மங்கிவிடும் என்பதை அறிந்தவன் செய்த ஏற்பாடு அது.

வீரம் என்ற சொல்லால் மட்டும் இதை விளக்கிவிட முடியுமா? நடுகல் எடுக்க வீரச்சாவு வேண்டும் என்பது மரபின் விதி. முதுமையில் திண்ணையோரம் படுத்துச் செத்த நாய்க்குக் கல் கிடையாது. ஆகவே இந்த மரபு பேசியது ஒருவகைச் சாவை மட்டும்தான். அதன் எல்லை அது. பெரெனிகெயில் பல்லில்லாத நாய்க்குக் கிடைத்த குழி நம் ஊர்களில் கல்லாக மாறவில்லை. என்றாலும், துக்கத்தை வெளியில் சொல்ல ஊர் அனுமதித்த ஒரே மொழி வீரத்தின் மொழியாக இருந்தபோது, மணலேரன் போன்றவர்கள் அந்த மொழியில் தம் அன்பைப் பேசினார்கள் என்பது என் கருத்து.

கல்லுக்குப் பின்

நடுகல் வழக்கம் மெல்ல மெலிந்த பிறகு, விலங்கு நினைவு அரசர்களிடமும் கதைப்பாடல்களிடமும் போய்ச் சேர்ந்தது. லாகூருக்கு அருகே சேக்குபுராவில் ஜஹாங்கீர் தன் வளர்ப்பு மான் மன்சராஜுக்குக் கல்லறை எழுப்பி, மானின் வடிவிலேயே கல் வைத்தான். 1607ஐ ஒட்டி அங்கே எழுந்த கோபுரம் ஹிரன் மினார். அந்த வெளியில் எவரும் மானை வேட்டையாடக் கூடாது என்றும், அதன் இறைச்சி இந்துக்களுக்கு மாட்டிறைச்சியும் முசுலிம்களுக்குப் பன்றியிறைச்சியும் போல விலக்கு என்றும் ஆணையிட்டான். வேட்டையில் பெருவிருப்புக் கொண்ட ஓர் அரசன், ஒரு மானின் சாவால் ஒரு வெளி முழுவதையும் வேட்டையிலிருந்து விடுவித்தான். கல் வைப்பதைத் தாண்டி, இறந்ததன் இனத்துக்குச் செய்த உபகாரம் அது.

தமிழ்நாட்டில் செஞ்சி. 1714இல் ஆர்க்காட்டு நவாபோடு மோதி மாண்ட தேசிங்கின் கதைப்பாடலில் அவன் குதிரை பாராசாரியும், நண்பன் மகமத்கானின் குதிரை நீலவேணியும் வீரர்களுக்கு நிகரான பாத்திரங்கள். செஞ்சிப் பக்கத்து நீலாம்பூண்டியில் கானுக்கும் குதிரைக்கும் சமாதி இருப்பதாக ஊர் வழக்கு. கல்வெட்டு செய்த வேலையை இங்கே பாட்டும் ஊர்ப்பெயரும் செய்தன.

வளர்ப்புயிர்க்குக் கல்லறை வைப்பது மேல்நாட்டு நாகரிகம், அண்மையில் இங்கே ஒட்டிக்கொண்டது என்ற கருத்துப் படித்தவர்களிடம் பரவலாக இருக்கிறது. மேல்நாட்டுக் கதை தனிக்கதை. லண்டன் ஹைடு பூங்காவில் செர்ரி என்ற குட்டைநாயை 1881இல் வாயிற்காவலர் வீட்டுத் தோட்டத்தில் புதைக்க இடம் கொடுத்ததில் தொடங்கி, 1903க்குள் அங்கே ஏறத்தாழ முந்நூறு சிறு கற்கள் நின்றன. பாரிசுக்குக் காரணம் சுகாதாரச் சட்டம். செத்த விலங்குகளை வீடுகளிலிருந்து நூறு மீட்டராவது தள்ளி, ஒரு மீட்டர் மண்ணுக்குக் கீழ் புதைக்க வேண்டும் என்று 1898 சூனில் சட்டம் வந்தது. அதுவரை செய்ன் ஆறு சுமந்த உடல்களுக்கு இடம் தேடியபோது, பத்திரிகையாளர் மார்கரித் துரானும் வழக்கறிஞர் ஒருவரும் சேர்ந்து 1899இல் ஆனியேரில் நாய்க் கல்லறையைத் திறந்தார்கள். தோட்டமில்லாத நகர வீடுகள், ஊரின் கண்ணுக்குப் படாத குடும்பத் துக்கம், காசு கொடுத்து வாங்கிய ஆறடி நிலம் — இவை அந்த வழக்கத்தின் வேர்கள். ஆதகூரில் நடந்ததற்கும் இதற்கும் உறவில்லை. மணலேரன் தன் துக்கத்தைச் சிவன் கோயில் வாசலில் வைத்தான்.

கேதமும் சுவரொட்டியும்

தென்மாவட்டங்களில் கோயில் காளை செத்தால் இன்றும் ஊர் கூடும். மதுரை, சிவகங்கைப் பக்கத்தில் இதைப் பார்த்திருக்கிறேன். உடலை மந்தையில் கிடத்தி, மஞ்சளும் சந்தனமும் பூசி, மாலை போடுவார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் வேட்டியும் துண்டுமாகக் கோடி கொண்டு வருவார்கள். கொட்டுச் சத்தம் ஊர் எல்லைவரை கேட்கும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். வாடிவாசலில் அது நின்று விளையாடியதெல்லாம் அதில் வரும். விசாரிக்க வருகிறவர்கள் ‘கேதத்துக்கு வந்தோம்’ என்றே சொல்வார்கள். மனிதச் சாவுக்கும் அதே சொல்தான். பிறகு கோயிலையொட்டிய நிலத்தில் அடக்கம். சில ஊர்களில் மேடை கட்டி விளக்கு வைக்கிறார்கள். தை பிறந்ததும் புதுக்காளை முதலில் அங்கே போய் நின்றுவிட்டுத்தான் களத்துக்குப் போகும்.

முகையூர் மேற்சேரிச் சேவலின் முறை இது. காளைக்கும் தனி உடைமையாளன் இல்லை, ஊர்தான் உறவு. காளையைப் பிடித்து வளர்த்து, கொம்பு சீவி, கூடவே படுத்தவன் கூட்டத்தில் ஓர் ஓரமாக நிற்பான். அவனைத் தேடிப் பிடித்துப் பேசினால்தான் இரண்டு வார்த்தை சொல்வான். அப்படி ஒருவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “ராத்திரி எந்திரிச்சுத் தண்ணி காட்டப் போறேன் சார், தொட்டியில தண்ணி அப்படியே இருக்கு.”

நகரத்தில் மந்தை இல்லை, கொல்லையும் இல்லை. அடுக்கு மாடியில் நாய் செத்தால் உடலை எங்கே கொண்டு போவது என்பதே முதல் கேள்வியாகிவிடுகிறது. இந்த நெருக்கடிக்குள் நம் மக்கள் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நாய்க்குக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. பதாகையாகவும் வைக்கிறார்கள். மனிதருக்கு அடிக்கும் அதே அச்சகத்தில், அதே அமைப்பில், நடுவில் படம், இருபுறம் தீபம், தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். நடுகல் படித்தவர்களால் சிரிக்க முடியாது. பெயர், உருவம், காலக்குறிப்பு, நட்டவர் பெயர், பொது இடம்: ஆதகூர்க் கல்லின் உறுப்புகள் ஒன்றுகூடக் குறையாமல் தாளில் வந்திருக்கின்றன. வீரச்சாவு வேண்டும் என்ற விதி மட்டும் உதிர்ந்துவிட்டது. நோயில் செத்ததற்கும், வயதாகிச் செத்ததற்கும், வண்டியில் அடிபட்டதற்கும் இப்போது இடம் உண்டு. ஆதகூர் மரபு எட்டாமல் விட்ட திண்ணையோரத்துக் கிழநாய் ஆயிரம் ஆண்டு கழித்து ஊர்ச்சுவரில் ஏறியிருக்கிறது.

கல் ஆயிரம் ஆண்டு நிற்கும். சுவரொட்டி ஒரு மழைக்குத் தாங்காது. ஆகவே கண்ணில் படுகிறவற்றை நான்காண்டாக வாசகம் வாசகமாகப் பதிந்து வருகிறேன். கல்வெட்டுக்கு மைப்படி எடுக்கும் அதே முறையில், எழுத்துப் பிழையையும் திருத்தாமல். அண்மையில் பதிந்தது ஒரு பேருந்து நிறுத்தத்துச் சுவரில் இருந்தது. பாதி கிழிந்து, மேலே சினிமா விளம்பரம் ஒட்டத் தொடங்கியிருந்தார்கள். படத்தில் காது மடிந்த நாட்டுநாய் ஒன்று, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. தோற்றம் என்ற இடத்தில் தேதிக்குப் பதிலாக, ‘எங்கள் வீட்டுக்கு வந்த நாள்’ என்று போட்டு ஆண்டும் மாதமும் கொடுத்திருந்தார்கள். கீழே, மிகச் சிறிய எழுத்தில், அப்பா, அம்மா, அக்கா, தம்பி என்று நால்வர் பெயர்.